அடி அண்ணாமலையில் ஒன்பது சிவப்புக் கற்கள்

போன சனிக்கிழமை நான் திருவண்ணாமலைக்குப் போனது மலை சுற்ற அல்ல. மைத்துனர் குமார் வீட்டில் ஒரு அம்மன் பதக்கம் இருக்கிறது. ஆடி மாதம் மட்டும் கோயில் அம்மனுக்குச் சாத்தப் போய் வரும். அதை ஒரு அருங்காட்சியகம் கண்காட்சிக்கு இரவல் கேட்டிருந்தது. படிவத்தில் ஒவ்வொரு கல்லும் என்ன கல் என்று எழுத வேண்டுமாம். பழம்பொருள்களில் கற்களை அடையாளம் காணும் மூன்று நாள் வகுப்புக்குப் போனவன் குடும்பத்திலேயே நான்தான். அதைப் பீற்றிக்கொண்டு திரிந்தவனும் நான்தான்.

கிளாம்பாக்கத்தில் காலை 6.10க்குப் பேருந்து, 190 ரூபாய். திருவண்ணாமலையில் இறங்கும்போது 10.30. அங்கிருந்து குமார் வீடு இருக்கும் அடி அண்ணாமலை ஏழு கிலோமீட்டர்.

“பௌர்ணமின்னா உள்ளயே வுட மாட்டாங்க சார். இன்னைக்கு எரநூறு குடுங்க, ஜாஸ்தி இல்ல” என்றார் ஆட்டோக்காரர்.

குமாரின் மனைவி செல்வி பீரோவைத் திறந்து பதக்கத்தை எடுத்து வந்தார். வகுப்பில் சொன்னது சுலபம்: பின்னாலிருந்து விளக்கடித்து லென்ஸில் பார், உள்ளே மெல்லிய இழை தெரிந்தால் கல், உருண்டைக் குமிழி தெரிந்தால் கண்ணாடி. இங்கே பின்பக்கம் முழுக்க மூடியிருந்தது. கல்லுக்கு அடியில் பளபளக்கும் தகடு வேறு, எதைப் பார்த்தாலும் சிவப்பு. முதல் கல் மாணிக்கம் என்று எழுதினேன். இரண்டாவதைப் பார்த்தபின் முதலாவதை அடித்தேன். ஒன்றின் பட்டை இன்னொன்றுக்கு இல்லை. ஒரே பதக்கத்தில் ஏன் இப்படி ஒன்பது விதம்? தலை சுற்றியது.

ஐந்தாவதில் மட்டும் தெளிவாக ஒரு குமிழி. சந்தோஷத்தில் வாயை விட்டேன்: “இது கண்ணாடி!”

குமார் முகம் மாறிவிட்டது. “அம்மா போனதுல இருந்து பீரோ சாவி உன்கிட்டதான இருக்கு? கல்ல மாத்திட்டியா?” என்றார் செல்வியிடம்.

“மச்சான், எனக்கே சரியாத் தெரியல...” என்றேன். கேட்க ஆளில்லை. என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

செல்வி இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். “மாத்துனேன். ஆனா அது இல்ல, எட்டாவது. இந்த வூட்டுக்கு வர்ற மருமக ஒவ்வொருத்தியும், மொத ஆடிக்கு, கழண்டு ஆடிக்கினு இருக்கற கல்லு ஒண்ண எடுத்துட்டு, பொறந்த வூட்டுக் கல்ல வெக்கணும். பழசு உண்டியலுக்குப் போயிடும். ஆம்பளைங்களுக்குச் சொல்றதில்ல.”

“அப்ப அந்தக் கண்ணாடி?”

“அத்தையோடது. கல்யாணத்துக்குப் போட்டுனு வந்த கம்மல்ல இருந்து எடுத்ததுன்னு அவங்களே சொன்னாங்க. அவங்க வூட்ல வேற கல்லு ஏது?”

குமார் என் லென்ஸை வாங்கிப் பதக்கத்தின்மேல் குனிந்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார், நான் திருத்தவில்லை. வெகுநேரம் கழித்துச் சாவியை எடுத்துச் செல்வியின் கையில் வைத்தார். மன்னிப்புக் கேட்டாரா என்றால், என் காதில் விழவில்லை.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள். பின்பக்கம் மூடிய நகைக்கு லென்ஸ் மட்டும் போதாது. லென்ஸை எடுப்பதற்கு முன் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.

படிவம் இப்போது என் முன்னால் இருக்கிறது. எட்டுக் கட்டங்களில் ‘தெரியவில்லை’ என்றுதான் எழுதியிருக்கிறேன். ஐந்தாவதில் ‘கண்ணாடி’. அதற்குப் பக்கத்தில் குமார் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: ‘எங்க அம்மா வெச்சது.’