பத்துக் கிணறு, ஒரே தண்ணீர்

பியூரெட் பொய் சொல்லாது என்று எங்கள் வேதியியல் துறைத் தலைவர் எட்வின் சார் அடிக்கடி சொல்வார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, அது பொய் சொல்கிறது என்று அவரே நினைத்தார். அப்படிப் பொய் சொல்ல வைத்தவன் நான்தான் என்றும் நினைத்தார்.

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே ஒரு கல்லூரியில் நான் அப்போது லேப் அட்டெண்டர். மூன்று வருடமாகத் தற்காலிகம். என்னை நிரந்தரம் செய்கிற ஃபைல் அந்த மாதம்தான் சாரின் மேஜைக்கு வந்திருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் எனக்கு வேலை. போடாவிட்டால் என் அண்ணனைப் போலத் தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டப் போக வேண்டியதுதான்.

கல்லூரியில் அது சுற்றுச்சூழல் வாரம். மரம் நட்டார்கள், ஏரிக்கரையில் நடந்தார்கள், யாரோ பாட்டுகூடப் பாடினார்கள். முக்கியமான காரியம் ஒரு பெரிய வரைபடம். கல்லூரியைச் சுற்றியுள்ள மலை, ஆறு, ஏரி, கிணறு எல்லாவற்றையும் வரைந்து, எந்த ஊர்த் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று எழுதி, வெள்ளிக்கிழமை கண்காட்சியில் மாட்டுவதாக ஏற்பாடு. தோல் ஷாப்புகளுக்குக் கீழே பாலாற்றங்கரையில் உள்ள ஓர் ஊருக்கு மாணவர்கள் சனிக்கிழமை போய், பத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பத்துப் பாட்டிலில் கொண்டுவந்தார்கள். ஞாயிறு முழுக்கப் பாட்டில்கள் என் ஸ்டோர் ரூமில் இருந்தன. சாவியும் என்னிடம்தான் இருந்தது.

திங்கட்கிழமை சார் டெஸ்ட் பண்ணினார். தண்ணீரில் நிறம் காட்டும் இண்டிகேட்டர் விட்டு, பியூரெட் என்கிற அளவுக் கண்ணாடிக் குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் நிறம் செங்கல் நிறமானால் நிறுத்த வேண்டும். உப்பு ஜாஸ்தி என்றால் நிறைய இறங்கும். முதல் பாட்டிலுக்கு இரண்டு எம்.எல். இறங்குவதற்குள் சிவந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. பத்தும் அப்படியே. தோல் ஷாப் கழிவு இறங்கி, சோப்புகூட நுரைக்காத ஊர் அது. எங்கள் கல்லூரிக் குழாய்த் தண்ணீரைவிட அந்த ஊர்த் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றால் யார் நம்புவார்கள்?

சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்துக் கிணத்துக்கும் ஒரே ரீடிங் வருமா சாமுவேல்? யாரோ எல்லாத்தையும் கொட்டிட்டு ஒரே இடத்துல பிடிச்சிருக்கான்."

"தெரியல சார்."

"உங்க அண்ணன் எந்த ஷாப்புல இருக்கார்?"

எனக்கு வேர்த்துவிட்டது. "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பா" என்றார் அவர், சாதாரணமாகச் சொல்வதுபோல. மூன்று வருடம் அவருடைய கண்ணாடிக் குடுவைகளை என் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவி வைத்தவன் நான்.

சாயங்காலம் நானே போய்ச் சொன்னேன். "சார், பாட்டிலெல்லாம் நசீர் வீட்டு ஜீப்புலதான வந்துச்சு?" நசீர் வரைபடக் குழுவில் இருந்த இரண்டாம் வருட மாணவன். அவனுடைய அப்பாவுக்குச் சொந்தமாகத் தோல் ஷாப் இருந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. சார் அவனைக் கூப்பிட்டு, ஜீப் எங்கே நின்றது, டிரைவர் யார் என்று குடைந்தார். மறுநாள் வரைபடக் குழுவில் அவன் பெயர் இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டு இப்போது எழுதுகிறேன்.

ஆனாலும் என் ஃபைல் அசையவில்லை. புதன்கிழமை விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கே போனேன். ஜீப் வழியில் நின்றதைப் பார்த்த ஓர் ஆள் கிடைத்தால் நசீரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. முதல் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டின்படி அது குப்பம்மா என்கிற அம்மாள் வீட்டுக் கிணறு. அங்கேதான் விசாரித்தேன்.

"ஜீப்பா? நேரா வந்துச்சு, நேரா போய்டுச்சு. இன்னா விஷயம் சார்?"

தாகமாக இருக்கிறது என்றேன். சொம்பில் கொடுத்தார். நல்ல தண்ணீர்.

"இது உங்க கிணத்துத் தண்ணியாம்மா?"

"அத மாடுகூட மோந்து பாத்துட்டுப் போய்டும். இது மலையோரத்துக் கிணத்துலேர்ந்து வண்டியில டிரம் வெச்சு எடுத்தாறது. எல்லா வீட்டுக்கும் இதான்."

"அப்ப பசங்க பாட்டில்ல?"

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "இதான் ஊத்தினோம். வெளியாளு எங்க கிணத்துல வாளி விடக்கூடாதுன்னு சொல்லி, புள்ளைங்களுக்குக் கடலை வேவிச்சுக் குடுத்து நிழல்ல குந்த வெச்சோம். பாட்டில வாங்கினு உள்ள போய் ரொப்பினோம்."

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"ஊர்ப் பேரு போட்டுக் காலேஜ்ல மாட்டப் போறாங்களாமே! தண்ணி இல்லாத ஊருக்கு யாரு சார் பொண்ணு குடுப்பாங்க? எம் புள்ளைக்கு இப்பதான் ஒடுகத்தூர் பக்கம் ஒரு இடம் பேசினுகீறோம். பேஜார் பண்ணிடாதீங்க."

கோபம் வரவில்லை என்றால் பொய். இவர்கள் மானத்தைக் காப்பாற்றப் போய் என் பிழைப்பு போகப் பார்த்தது. ஆனால் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து என்ன சண்டை போடுவது? ஊர்ப் பெயரை எழுத விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் தன் கையாலேயே கிணற்றில் மொண்டு ஒரு பாட்டில் கொடுத்தார்.

லேபில் பியூரெட் அடிவரை இறங்கியும் நிறம் மாறவில்லை. சார் மறுபடி நிரப்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சார் கேட்டுவிட்டு, "ஆற்றோரக் கிணறுகள்னு மட்டும் போட்டுடலாம்" என்றார். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த நாள் ஃபைலில் கையெழுத்துப் போட்டார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நசீரைத் தேடிப் போய், சார் மறுபடி வரைபட வேலைக்குக் கூப்பிடுகிறார் என்றேன். கேன்டீனுக்கு வெளியே நின்றிருந்தான்.

"கிணத்துல நாங்க மொள்ளல, அந்த வீட்டுக்காரங்கதான் மொண்டு குடுத்தாங்க. அது எனக்குத் தெரியும்" என்றான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே நசீர்?"

"யாரு கேட்டீங்க? சார் ஜீப்பப் பத்திதான் கேட்டாரு. நீங்க அதுகூடக் கேக்கல." பிறகு சொன்னான்: "இந்த வேலைக்குப் போகாதன்னு எங்கப்பா சொன்னாரு. சண்டை போட்டுட்டுதான் வந்தேன். இப்ப வீட்லயும் நம்பல, இங்கயும் நம்பல."

கண்காட்சிக்கு அவன் வரவில்லை.

அதன்பின் நெடுங்காலம் அந்த லேபிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரீடிங் தப்பாக வந்தால், யார் செய்தது என்று ஆளைத் தேடப் போகாதீர்கள். அங்கே இருந்தவனைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்த வாரம் நசீர் தினமும் கல்லூரிக்கு வந்து என் எதிரில்தான் நின்றிருந்தான். நான் கேட்கவில்லை.