பாதிரியாரைத் தாண்டியவள்

நிவெஸ் ஸத்தோனி முதன்முறையாக மோட்டோக்ராஸ் என்னும் மண்தட மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இத்தாலியின் பெண்கள் சாம்பியன் ஆனபோது, மேடையில் அவள் கையில் கொடுத்தது ஒரு ஹேர் டிரையர். அதே மேடையில் சற்று முன்பு ஆண்களில் வென்றவனுக்கு ஒரு வருடத்துக்கு வேண்டிய டயர்களைக் கொடுத்திருந்தார்கள். நிவெஸ் ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். நெற்றியில் ஒட்டிக் கிடந்த முடியிலிருந்து களிமண் வழிந்துகொண்டிருந்தது.

"இனிமே நம்ம பொண்ணு ஜம்முனு தலைய காய வச்சுக்கலாம்!" என்றான் மைக் பிடித்தவன். கூட்டம் சிரித்தது.

அவள் அம்மா யொலாந்தா பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தர்றதுதான் தர்றானுங்க, அதுலயும் மட்டமானதா?" என்றாள். பல வருடங்கள் அந்த டிரையர் நிவெஸின் நனைந்த கையுறைகளையும் பூட்ஸுகளையும் காயவைத்தது. ஒரு நாளும் ஒரு தலைமுடியைத் தொட்டதில்லை.

அந்த வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்ததே யொலாந்தாவின் துரதிர்ஷ்டத்தால்தான். அவர்கள் ஊரான மோந்தெஃபோஸ்கோவில் கோடைத் திருவிழாவுக்குக் குலுக்கல் சீட்டு விற்பார்கள். அந்த வருடம் முதல் பரிசு சிறுவர்கள் ஓட்டும் ஒரு குட்டி மோட்டார் சைக்கிள். இரண்டாம் பரிசு, உப்பிட்டு இரண்டு குளிர்காலம் உலர்த்திய ஒரு முழுப் பன்றித்தொடை. யொலாந்தா கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்த்தவள். பகலெல்லாம் கோழியைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கோழியே வெறுத்திருந்தது. அந்தத் தொடையை நினைத்துத்தான் சீட்டு வாங்கினாள். விழுந்தது முதல் பரிசு.

மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க அவள் மேடைக்கு ஓடினாள். தொடையை வென்றவர் ப்ரிமோ. குளியலறை ஓடுகள் விற்பவர், ஊர் மோட்டார் கிளப்பின் தலைவர். அவள் போய்ச் சேர்வதற்குள் அவர் கத்தியை எடுத்து, வந்தவன் போனவனுக்கெல்லாம் துண்டு போட்டுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"அடடா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா யொலாந்தா? இந்தா, நீயும் ஒரு துண்டு எடுத்துக்க."

"வேணாம். எல்லாத்தையும் நீயே தின்னு."

அதற்குள் எட்டு வயது நிவெஸ் வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இறக்கி விடுவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஊருக்கு வெளியே, மழையில் அரித்து அரித்து முதுகெலும்பாய் நிற்கும் சாம்பல் நிறக் களிமண் குன்றுகளுக்கு நடுவில் கிளப்பின் பந்தயத் தடம் இருந்தது. பையன்கள் மதியமெல்லாம் ஓட்டுவார்கள். அவர்கள் முடித்துக் கிளம்பிய பிறகுதான் நிவெஸுக்கு அனுமதி. "குறுக்க வந்து அடிபட்டுட்டா யாரு பதில் சொல்றது?" என்பார் ப்ரிமோ. அதற்குள் தடம் உழுது போட்ட வயலாகிவிடும். திருப்பம் ஒவ்வொன்றிலும் முழங்கால் ஆழத்துக்குச் சக்கரப் பள்ளங்கள் விழுந்திருக்கும். நிவெஸ் அந்தப் பள்ளங்களில்தான் விழுந்தாள், எழுந்தாள், வளர்ந்தாள். பிறகு பெண்களுக்கென்று தேசியப் போட்டி வந்தபோது, அங்கேயும் வழக்கம் மாறவில்லை. ஆண்கள் ஓட்டிச் சிதைத்த தடத்தில் கடைசியாகத்தான் பெண்களை விட்டார்கள். மற்றவர்கள் புலம்பினார்கள். நிவெஸுக்கு அது சொந்த வீடு. அவளை ஓரங்கட்டியதே அவளைச் சாம்பியன் ஆக்கியது என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அப்ப உங்க பையனையும் ஓரங்கட்டுங்க, அவனும் ஆகட்டும்" என்பாள்.

மூன்று முறை பட்டம் வென்றாள். வாரநாட்களில் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றும் லாரி ஓட்டினாள். இரண்டாம் பட்டத்துக்குப் பூங்கொத்து கிடைத்தது. மூன்றாவதுக்கும் பூங்கொத்துதான், கொஞ்சம் வாடியது. ஊர்ப் பத்திரிகை அவள் கண்கள் என்ன நிறம் என்று எழுதியது. எத்தனை பேரை முந்தினாள் என்று எழுதவில்லை.

அவளுக்கு ஆகாத இன்னொன்று, செலிந்தாவின் பியாதினா ரொட்டி வண்டி. தடத்தின் ஓரத்தில் செலிந்தா மாவைத் தட்டிச் சுட்டு, நடுவில் பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்து மடித்துக் கொடுப்பாள். ஆண்கள் பந்தயம் நடக்கும்போது அவளிடம் ஈ காக்கை வராது. பெண்கள் பந்தயம் தொடங்குகிறது என்று அறிவித்தவுடன் மொத்தக் கூட்டமும் அங்கே வரிசை கட்டும். "பொண்ணுங்க ஓட்டுறப்பதான்டி எனக்கு வியாபாரம்! நீ நல்லா இருக்கணும்!" என்று செலிந்தா வாயார வாழ்த்துவாள். அவள் கெட்ட மனதோடு சொல்லவில்லை என்பதுதான் நிவெஸை இன்னும் எரித்தது.

நான்காம் பட்டத்துக்கான கடைசிச் சுற்றுப்போட்டி மோந்தெஃபோஸ்கோவிலேயே நடப்பதாக முடிவானது. புள்ளிகளில் நிவெஸ் முதல், பெர்காமோவிலிருந்து வரும் துல்லியா இரண்டாவது. துல்லியாவுக்கு அடுத்தபடியாக வந்தாலே போதும், பட்டம் நிவெஸுக்குத்தான். ப்ரிமோ பெரிய மனது பண்ணி பெண்கள் பட்டத்துக்கு ஒரு முழுப் பன்றித்தொடை பரிசு என்று அறிவித்தார். யொலாந்தா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மோந்துகூடப் பார்த்தாள்.

"இது நம்ம வீட்டு உத்தரத்துல தொங்கணும்டி. நீ ஜெயிக்கக்கூட வேணாம், விழாம வந்து சேரு."

அந்தத் தடத்தில் ஒரு மேடு உண்டு. பெயர் பாதிரியார். அதற்குப் பின்னால் தேவாலயத்தின் திராட்சைத் தோட்டம். யாரோ ஒருவன் அந்தக் காலத்தில் வேகம் தெரியாமல் பறந்துபோய், பாதிரியார் பழம் பறித்துக்கொண்டிருந்த கொடிக்கு நடுவில் விழுந்ததிலிருந்து அந்தப் பெயர். ஏறும்போது வானம் மட்டும் தெரியும். உச்சியில் வண்டி மண்ணை விட்டு எழும்பினால், எதிர்ச்சரிவில்தான் மறுபடி மண்ணைத் தொடும். ஒவ்வொரு குளிர்காலமும் மழை அதன் முகத்தைச் சரித்துவிடும். கிளப்பில் இருப்பவர்கள் சனிக்கிழமைகளில் மண்வெட்டியோடு போய் அதைத் திரும்ப வடிவாக்க வேண்டும். ஆண்கள் பாதிப் பேர் இடுப்புவலி என்பார்கள். நிவெஸ் ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை. அந்த மேட்டை அவள் கையால் தட்டிச் சரிசெய்திருக்கிறாள். பதினேழு வயதிலிருந்து தாண்டியும் இருக்கிறாள்.

போட்டிக்கு முந்தின நாள், ஆண்கள் பயிற்சியில் பிரேஷா ஊர்க்காரன் ஒருவன் பாதிரியாரில் தவறி விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டான். மறுநாள் காலை ஓட்டுநர் கூட்டத்தில், தேசியக் கூட்டமைப்பிலிருந்து வந்த லான்ஸோனி என்ற அதிகாரி எழுந்தார். நேற்றைய விபத்தை மனதில் வைத்து, பெண்களுக்கு மட்டும் பாதிரியாரைச் சுற்றி ஒரு மாற்றுவழி வெட்டியிருப்பதாகச் சொன்னார். மேட்டின் அடியில் நாடா கட்டியாயிற்று. நாடாவைத் தாண்டினால் பந்தயத்திலிருந்து நீக்கம்.

நிவெஸ் கையைத் தூக்கினாள்.

"நேத்து விழுந்தது யாரு?"

"அது உங்களுக்கே தெரியும்மா."

"ஆம்பள. விழுந்தது ஆம்பள. அப்ப ஆம்பளைங்களத்தான சுத்தி விடணும்? எங்களை ஏன் சுத்தி விடறீங்க?"

பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். லான்ஸோனியும் சிரித்தார். "எல்லாம் உங்க நல்லதுக்குத்தாம்மா. வீட்டுல அம்மா இருப்பாங்க, நினைச்சுப் பாருங்க."

"அம்மா இங்கதான் இருக்கேன். என்னை யாரு கேட்டா?" என்றாள் யொலாந்தா வாசலிலிருந்து.

நிவெஸ் ப்ரிமோவின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த மேட்டை யார் கட்டினாங்கன்னு நீங்களாவது சொல்லுங்க. நீங்க இடுப்புவலின்னு வீட்டுல படுத்திருந்தப்ப மண்ணு வெட்டினது யாரு?"

ப்ரிமோ தன் தொப்பியைப் பார்த்தார். "எனக்கு என்னம்மா இருக்கு, மேலிடத்து முடிவு. ஒரு மேடு தானே? பட்டம் உன் கையில இருக்கு, வாங்கிட்டுப் போயேன்."

ஒரு மேடுதானே. அந்தச் சொல்லோடு அவள் வண்டியிடம் போனாள்.

ஆண்கள் அன்று மதியம் பாதிரியாரை மறுபடி மறுபடி தாண்டினார்கள். இன்னும் ஒருவன் விழுந்தான். அவர்களுக்கு யாரும் நாடா கட்டவில்லை.

பெண்கள் தொடக்கக் கம்பிக்குப் பின்னால் வரிசையாக நின்று, பூட்ஸால் மண்ணை மிதித்துச் சமன்செய்துகொண்டிருந்தார்கள். துல்லியா பக்கத்து இடம்.

"என்ன, மூஞ்சிய உம்முனு வச்சிருக்க? உன் பாதிரியாருக்குக் கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்களா?"

"நான் தாண்டிட்டா என்ன பண்ணுவ?"

"நீ வெளிய போவ, நான் சாம்பியன் ஆவேன். தாராளமா தாண்டு. பெர்காமோவுலருந்து உனக்கு ஒரு நன்றிக் கடிதம் போடறேன்."

கம்பி விழுந்தது. இருபது வண்டிகள் ஒரே அலறலாகப் பாய்ந்தன. முதல் திருப்பத்திலேயே நிவெஸ் முன்னால் வந்துவிட்டாள். பள்ளங்கள் அவளுக்கு வழிவிட்டன. ஆனால் பாதிரியாரின் அடிக்கு வந்ததும் பிரேக் பிடித்து, இரண்டாம் கியருக்கு இறங்கி, புதிதாக வெட்டிய அந்தச் சந்துக்குள் எருமை மாதிரி நுழைய வேண்டியிருந்தது. அங்கே மண் இறுகவில்லை. சக்கரம் அரை அடி புதைந்தது. மேட்டைவிட அந்த வழிதான் ஆபத்து என்று ஓட்டத் தெரிந்த யாருக்கும் தெரியும்.

தலையைத் தூக்கியபோது அதைப் பார்த்தாள். பாதிரியாரைப் பார்க்கவென்று சரிவில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து போய்க்கொண்டிருந்தது. கோபமாகக்கூடப் போகவில்லை. பேசிச் சிரித்துக்கொண்டு, பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, பியாதினா சாப்பிடப் போனார்கள். பின்னே, அங்கே பார்க்க என்ன இருந்தது?

மோட்டோக்ராஸில் ஓட்டுபவருக்குக் காதில் எதுவும் விழாது. அதனால் தடத்தின் ஓரத்தில் வேண்டியவர் ஒருவர் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிக் காட்டுவார். மற்றவர்கள் எத்தனையாவது இடம் என்று எழுதுவார்கள். யொலாந்தா தோன்றியதை எழுதுவாள். அன்று முதல் சுற்றில் "முழங்கையைத் தூக்கு" என்று எழுதியிருந்தாள். அடுத்து "தூங்காதே". அதற்கடுத்து ஒரு பன்றித்தொடையின் படம், கீழே இரண்டு கோடு.

கடைசிச் சுற்றுக்கு நிவெஸ் வந்தபோது துல்லியா நன்றாகப் பின்தங்கியிருந்தாள். பட்டம் கையில் விழுந்த மாதிரிதான். யொலாந்தா சரிவைத் திரும்பிப் பார்த்தபடி நின்றிருந்தாள். ஆளில்லாத சரிவு. சட்டைக் கையாலேயே அந்தப் படத்தை அழித்திருந்தாள், கையெல்லாம் வெள்ளை. பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். ஒரே ஒரு சொல்.

பாதிரியார்.

நிவெஸ் பிரேக்கைத் தொடவில்லை. நாடா மார்பில் பட்டு அறுந்து தோளில் சுற்றிக்கொண்டது. வானம் மட்டும் தெரிந்தது. அப்புறம் திராட்சைத் தோட்டம், தேவாலயத்தின் ஓடு, அப்புறம் எதிர்ச்சரிவு. வரிசையில் நின்றிருந்தவர்கள் பியாதினாவை வாயில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார்கள்.

நாடாவுக்கு உள்ளே சந்து வழியாகப் போயிருந்தால் துல்லியா அன்று இத்தாலியின் சாம்பியன். அவளும் மேலேதான் போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் போனாள். கடைசியாக வந்த, சறுக்கி விழுந்து கைப்பிடி வளைந்த வண்டிக்காரிவரை ஒருத்தியும் சந்துக்குள் நுழையவில்லை.

"ஏன்டி பைத்தியக்காரி, உனக்கு என்ன வந்தது?" என்று நிவெஸ் ஹெல்மெட்டைக் கழற்றியதும் துல்லியாவைப் பார்த்துக் கத்தினாள்.

"பின்ன? நீ தலைக்கு மேல பறந்து போவ, நான் கீழ சேத்துல குனிஞ்சு போகணுமா? அப்படி வர்ற பட்டத்தை நீயே வச்சுக்கோ."

பட்டத்தை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. லான்ஸோனி பந்தயம் செல்லாது என்றார். அந்த ஆண்டு பெண்களில் சாம்பியன் இல்லை என்றார்கள். தூண்டிவிட்டதற்காக நிவெஸுக்கு ஓராண்டுத் தடை. அதே மதியம் அத்தனை ஆண்களும் தாண்டிய மேட்டைத் தாண்டியதற்கு ஓராண்டுத் தடை! அவள் ஓட்ட வேண்டிய வயதில் ஓராண்டு. இதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? பத்திரிகை, "நம்ம ஊர் பெண்ணின் பிடிவாதம்" என்று எழுதியது. கண் நிறம் இந்த முறையும் இருந்தது.

வென்றவர் இல்லாத பன்றித்தொடையை கிளப் விருந்தில் வெட்டினார்கள். வெட்டியது ப்ரிமோ. யொலாந்தா வீட்டுக்கு ஒரு தட்டு கொடுத்தனுப்பினார். யொலாந்தா தட்டைத் திருப்பி அனுப்பினாள். "ரெண்டாந்தடவை. சொல்லு அந்த ஆள்கிட்ட, எனக்கு ஞாபகம் இருக்குன்னு."

அடுத்த ஆண்டு போட்டி மறுபடி மோந்தெஃபோஸ்கோவுக்கு வந்தது. நாடா கட்டினால் வரமாட்டோம் என்று துல்லியாவும் மற்றவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நாடா கட்டவில்லை. சந்தில் புல் முளைத்திருந்தது. நிவெஸை உள்ளே விடவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே அம்மாவோடு நின்றாள். குளிர்காலம் முழுக்க அந்த மேட்டுக்கு மண் வெட்டியது அவள்தான். அதற்கு மட்டும் யாரும் தடை போடவில்லை.

பெண்கள் பந்தயம் என்று அறிவித்தார்கள். சரிவில் உட்கார்ந்திருந்தவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். துல்லியா முதலில் வந்தாள், பாதிரியாரின் உச்சியில் எழும்பினாள், அவள் வண்டியின் வயிறு தலைக்கு மேல் தெரிந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. நிவெஸ் கத்தவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த அவள் கை, இல்லாத ஆக்சிலேட்டரை முறுக்கியது.

அப்போது பின்னாலிருந்து செலிந்தாவின் குரல் வந்தது.

"அடியே நிவெஸ்! உன்னாலதான்டி! தட்டின மாவெல்லாம் காஞ்சு போகுது, ஒரு பய வரமாட்டேங்கறான்!"

நிவெஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காயட்டும்," என்றாள்.