மெக்சிகோ ரொட்டிக்குள் முந்திரி

என் தங்கைக்கு முந்திரி ஆகாது. நாக்கில் பட்டாலே முகம் வீங்கிவிடும். முந்திரிக் கொல்லைகள் சூழ்ந்த ஊர் எங்களுடையது. அதனால் எந்த விருந்திலும் விசாரித்த பிறகுதான் அம்மா அவளைப் பந்தியில் உட்கார விடுவார்.

சென்ற மாதம் இருவரையும் புதுக்கோட்டையில் மெக்சிகோ சாப்பாட்டையும் நம் சாப்பாட்டையும் கலந்து தரும் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். மெனு முழுக்க ஆங்கிலம். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நானே படித்துப் பார்த்து பனீர் டாக்கோ சொன்னேன். ரொட்டியை மடித்து, உள்ளே பனீரைத் திணித்து, வெள்ளையாக எதையோ ஊற்றிக் கொண்டுவந்தார்கள்.

"ஏம்ப்பா, இந்த வெள்ளக் கொழம்புல முந்திரி கிந்திரி..." என்று பரிமாறியவரிடம் அம்மா ஆரம்பித்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"சும்மா இரும்மா. அது சீஸ். மெனுவுலயே போட்ருக்கு."

பரிமாறியவர் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

இரண்டு வாய் தின்பதற்குள் தங்கையின் உதடு தடித்தது. மூச்சு விடத் திணறினாள். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். ஊசி போட்ட பிறகுதான் அவளுக்குப் பேச்சே வந்தது.

மறுநாள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். சீஸைக் குறைத்து, எங்கள் பக்கம் மலிவாகக் கிடைக்கும் உடைந்த முந்திரியை அரைத்து ஊற்றியதை ஒப்புக்கொண்டவர், கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"படிச்ச புள்ளதானே நீங்க? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அந்த ஏமாற்றுக்காரரை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் கேட்க வந்த அம்மாவின் வாயை அடைத்தது அவரல்ல.

இப்போதெல்லாம் எந்தக் கடையிலும் மெனுவைத் தொடுவதற்கு முன் சமையல்காரரை வரச்சொல்லிக் கேட்கிறேன்.

"மெதுவாப் பேசுத்தா, எல்லாரும் பாக்குறாக" என்கிறார் அம்மா.

பார்க்கட்டும்.