உடனே ஒப்புக்கொண்டவர்கள்

"சரி மேடம்" என்றார் மனிதவள அதிகாரி. கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டார். கையிலிருந்த பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவள் அந்தப் பேனாவையே பார்த்தாள். இப்போது வாங்குகிற சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு கேட்டிருந்தாள். அவர் சிரிப்பார், பாதியில் ஆரம்பிப்பார், இழுத்துப் பிடித்து ஒன்றரையில் முடிக்கலாம் என்று நினைத்து வந்தவள்.

"லீவு?"

"நீங்க கேட்ட மாதிரியே. லேப்டாப்பும் நாங்களே தர்றோம். நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க."

அது ஓர் ஆலோசனை நிறுவனம். மற்ற நிறுவனங்களுக்குள் போய், எங்கே செலவைக் குறைக்கலாம் என்று சொல்லிக்கொடுப்பது தொழில். அவளோ பம்பு செய்யும் ஆலையில் பதினாறு வருடமாகக் கொள்முதல் பார்க்கிறவள். திருகாணி, பெயின்ட், ரப்பர் வளையம் எல்லாம் அவள் கையெழுத்தில்தான் உள்ளே வரும். கேட்ட விலைக்கு விற்கிறவன் உடனே தலையாட்டினால் அந்தச் சரக்கைத் தொடக் கூடாது என்பது அவர்கள் பிரிவின் வழக்கம். ஒருமுறை தொட்டார்கள். ரப்பர் வளையங்கள் மூன்றே மாதத்தில் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தன. அதற்குப் பிறகு எதையும் இரண்டு தடவை பார்ப்பாள். பிரிவில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி.

வீட்டில் கணவர் வேலை ஒப்பந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"இதுல என்ன குறை?"

"குறையே இல்லையே, அதுதான்."

"கல்யாணப் பேச்சுல எங்கிட்ட மூணு மாசச் சம்பளச் சீட்டு கேட்டவளாச்சே நீ. நான்கூட உடனே கொடுத்தேன். மோசமாவா போச்சு?"

"நாலாவது மாசச் சீட்டைக் கேட்டிருக்கணும். அந்த மாசந்தான் வேலையை விட்டீங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆறு வருடமாகச் சம்பளம் ஏறவில்லை. இரண்டு அறை வீட்டில் மகள் சமையலறையில் உட்கார்ந்து படிக்கிறாள். மூன்று அறை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். இந்தக் கையெழுத்து விழுந்தால் அடுத்த மாதமே மாறிவிடலாம்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆலோசனை நிறுவனத்தின் கட்டடத்துக்கு எதிர்ப்புறம் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லோரும் களைத்துத்தான் இருந்தார்கள். தன் ஆலையிலும் அப்படித்தான். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பிறகுதான் நேர்காணலை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். மூன்று பேர் ஒன்றரை மணி நேரம் கேட்டார்கள். உங்கள் பிரிவில் எத்தனை பேர்? யார் என்ன செய்கிறார்? எவருடைய வேலையைக் கம்ப்யூட்டரிடம் விடலாம்? தன் திறமையைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்து, கேட்டதற்கு மேலேயே சொல்லியிருந்தாள். பிரிவில் இருக்கும் எட்டுப் பேரைப் பற்றியும், ஆள் ஆளாக.

நான்கு மணிக்கு அந்த அலுவலகத்துக்கு ஏறிப் போனாள்.

"சார், ஒப்பந்தத்துல ஒரே ஒரு வரி சேர்க்கணும். முதல் ரெண்டு வருஷம் என்னை இப்ப இருக்கிற கம்பெனிக்கு அனுப்பக் கூடாதுன்னு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"எதுக்கு மேடம் அதெல்லாம்? வாடிக்கையாளர் யாருன்னு முன்னாடியே எழுத முடியாது."

"நான் ஒரே ஒரு கம்பெனியைத்தானே சொல்றேன்."

"ஆறு மாசம்னு போட்டுக்கலாமா?"

"ரெண்டு வருஷம்."

"வேணும்னா சம்பளத்துல இன்னும் பத்து சதவீதம் சேர்த்துத் தர்றேன். அந்த வரியை விட்டுடுங்க."

சம்பளத்தில் பேரம் பேசாத மனிதர் ஒரு வரிக்காகப் பேரம் பேசினார். பேரத்தில் ஒருவன் எங்கே இழுக்கிறானோ அங்கேதான் ஓட்டை. அவள் காகிதங்களைச் சீராக அடுக்கி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வர்றேன் சார்."

"யோசிங்க. மணி இன்னும் அஞ்சு ஆகல."

ஐந்து மணிக்கு அவள் பேருந்தில் இருந்தாள். வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். மகள் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

மறுநாள் எட்டரைக்கு ஆலைக்குப் போனாள். பிரிவுத் தலைவரின் அறைக்குப் போய் நடந்ததையும், அவர்கள் இங்கே ஆள் குறைக்க வரக்கூடும் என்பதையும் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

"நம்ம ஆளுங்களைப் பத்திக் கேட்டாங்கன்னு சொன்னீங்களே, பதில் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார். பதினோரு மணிக்கு, ஆலைக்கு அட்டைப்பெட்டி விற்கிறவர் வந்தார். ஒரு மணி நேரம் விலை பேசினார்கள். நான்கு சதவீதம் இறங்கினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.