அம்மாவை மட்டும் துரத்திய யானை

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஒற்றெழுத்து எங்கே வரும் என்று இன்றும் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், மன்னியுங்கள். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது.

சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா இல்லை. அம்மாவின் பேர் பதிவில் இருக்கும்வரைதான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு எங்களுக்கு. தேயிலைப் பகுதியைக் காடு என்போம். அந்த மழைக்காலத்தில் ஏழாம் நம்பர் காட்டில், அடுத்த வரிசையில் பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவை அம்மாவின் கண் முன்னாலேயே யானை மிதித்துவிட்டது. பத்து நாள் கழித்து அதே காட்டுக்கு எல்லோரையும் அனுப்பினார்கள்.

அதன்பிறகு மூடுபனி இறங்கினால் போதும், அம்மா கூடையோடு உட்கார்ந்துவிடுவாள். நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், மூச்சு கிடைக்காது. செத்துப்போகப் போகிறேன் என்பாள். யானை இருக்காது. கால் மணி நேரத்தில் எழுந்துகொள்வாள்.

"அந்த யானை இவளுக்கு மட்டும் ஆள் பார்த்து வருதுப்பா" என்பார் கங்காணி. பெண்கள் சிரிப்பார்கள். முதலில் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

வேறு காட்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் நோய் என்று சீட்டு வாங்கி வா என்றார்கள். பள்ளி விடுமுறையில் ஒருநாள், அந்தப் படபடப்பு வந்த உடனே, என் கையைப் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் நடந்தாள். போய்ச் சேரும்போது மூச்சு சீராகிவிட்டது. கம்பவுண்டர் நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லுடா, வீட்ல அம்மா எப்படி இருக்கு?"

பெரிய மனிதர் ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. வகுப்பில் வாய் திறக்காத நான் கணீரென்று சொன்னேன்.

"கொஞ்ச நேரத்துல சரியாயிரும் சார். வீட்டுக்கு வந்தா நல்லாத்தான் இருக்கும். சோறு பொங்கும், சாப்பிடும்."

"பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியல பாரு" என்று அவர் பேனாவை மூடினார்.

மறுபடி ஏழாம் நம்பர் காடு. இரண்டு முறை கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பேரை வெட்டினார்கள். வீட்டைக் காலிசெய்து சாந்தன்பாறைக்கு ஏலக்காய் பறிக்கப் போனோம். என் படிப்பு அதோடு போயிற்று. நடிப்புக்காரி என்ற பேர் மட்டும் எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

போன வருஷம் மூணாறு ஜீப்பில் எனக்கே அது வந்தது. டாக்டரம்மா இது பதற்ற நோய் என்றார். பெரிய பயத்துக்குப் பிறகு சிலருக்கு வருமாம். சில குடும்பங்களில் தொடர்ந்தும் வருமாம். சில நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும், இறங்கியபின் சோதித்தால் எதுவும் தெரியாது, அதனால் நடிப்பு ஆகிவிடாது, மருந்து இருக்கிறது என்றார். நான் அன்று சொன்ன அதே சாட்சிதான். அதைக் கேட்டு கம்பவுண்டர் பேனாவை மூடினார், இவர் நோய்க்குப் பேர் எழுதினார். அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த நாளைப் பற்றி ஒருமுறைகூட என்னிடம் பேசியதில்லை.

டிஸ்பென்சரியிலிருந்து திரும்பும்போது பாதை வழுக்கியது. அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. பெரிய ஆள் மாதிரி பதில் சொன்னேன் அல்லவா, அதனால்தான் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்தேன்.

9 ஜூன் 2024, ஞாயிறு