ஸ்டோர் என்று எழுதப்படும் அறை

ரகு இதுவரை வரைந்த வீடுகளில் பதினோரு ஸ்டோர் ரூம்கள் உண்டு. அவற்றில் ஒன்றில்கூட மூட்டையோ பெட்டியோ கிடையாது. பாய் விரித்து மனிதர்கள் படுத்திருக்கிறார்கள். ஆள் தங்கும் அறை என்று பிளானில் எழுதினால் ஜன்னல் எங்கே, அகலம் எவ்வளவு என்று மாநகராட்சியில் கேள்வி வரும். ஸ்டோர் என்று எழுதிவிட்டால் ஒரு கேள்வியும் இல்லை. பெங்களூருக்கு வேலைக்கு வந்த முதல் மாதமே அவனுடைய முதலாளி முகேஷ் இந்த வித்தையைக் காட்டிவிட்டார். ரகுவும் மறு பேச்சில்லாமல் எழுதிக்கொண்டு வந்தான்.

ஊத்தங்கரைப் பக்கம் அவன் ஊர். அம்மா சித்தாளாகக் கல் சுமந்தவள். அந்த வீட்டில் முதல் பட்டதாரி அவன், பி.இ. சிவில். "இன்ஜினியர் சார்" என்று யாராவது கூப்பிட்டால் இன்னும் அவன் முதுகு தானாக நிமிரும். ஈஜிபுராவில் மூன்று பேரோடு ஒரே அறையில் இருந்தாலும், சைட்டுக்குப் போகும் சட்டையை மட்டும் அவனே இஸ்திரி போட்டுக்கொள்வான்.

பிரேசர் டவுனில் சிரில், ஆஞ்சலா தம்பதியின் பங்களாவுக்கு அப்படித்தான் போனான். துபாயில் இருந்த மகன் டிரேவர் குடும்பத்தோடு திரும்பி வருகிறான். அதற்காகப் பின்கட்டை இடித்து, இரண்டு படுக்கையறை, ஒரு ஹோம் தியேட்டர், துணி துவைக்க ஓர் இடம் என்று நீட்டிக் கட்ட வேண்டும். இடிபடப் போகும் பின்கட்டில்தான் வனஜா இருந்தாள். அந்த வீட்டில் பத்தொன்பது வருஷமாகச் சமையல் அவள் கை.

இரண்டு மணி நேரம் டேப்பைப் பிடித்து அளந்த பிறகு ரகு, பாத்ரூம் எங்கே என்று ஆஞ்சலாவிடம் கேட்டான். அந்த அம்மாள் ஹால் பக்கம் இருந்த மூன்று பாத்ரூம் கதவுகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

"பின்னாடி ஒண்ணு இருக்குப்பா. வனஜா, காட்டு."

கக்கூஸ் என்றால் இரண்டு தகரமும் ஒரு பீங்கானும். விளக்கு இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை, அதில் திணித்த பழந்துணி. சம்ப் தொட்டியிலிருந்து கசிந்த தண்ணீர் கணுக்கால் வரை நின்றது, அதன்மேல் கரப்பான் ஒன்று மல்லாந்து மிதந்தது. ரகு மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், மூச்சைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தன்னை இங்கே அனுப்பினார்களே என்றுதான் முதலில் கோபம் வந்தது. வாளியில் தண்ணீரோடு நின்ற வனஜாவைப் பார்த்த பிறகுதான், இது இவளுக்குத் தினமும் அல்லவா என்று உறைத்தது. அந்த வரிசை மாறி உறைத்ததற்காக அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"எந்த ஊரு சார் நீங்க?" என்றாள் வனஜா, அவன் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

"ஊத்தங்கரை."

"அட, நம்ம பக்கம். நமக்கு சிங்காரப்பேட்டை. தம்பி, புதுசா கட்டறப்ப நமக்கும் ஒரு ரூம்புன்னு அம்மா சொல்லிக்கீறாங்க. உள்ளாற தாப்பா போட்டுக்கற மாதிரி ஒரு கதவு வெச்சுக் குடுத்துடு. போதும்."

அடுத்த வாரம் லேப்டாப்போடு வந்தான். ஹோம் தியேட்டரில் மூன்றடி குறைத்து, பின்மூலையில் பத்துக்குப் பத்தில் ஓர் அறை போட்டிருந்தான். கிழக்கே ஜன்னல், ஒட்டினாற்போல் குளியலறை.

ஆஞ்சலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "வனஜாவுக்கு எதுக்கு இவ்ளோ பெருசு? தியேட்டர்ல ஏன் கை வெச்ச? அவ அஞ்சடி இருந்தாலே அட்ஜஸ்ட் பண்ணிப்பா. ஜன்னலும் வேணாம், தூசிதான் வரும்."

நியாயம் பேசினால் எடுபடாது என்று ரகுவுக்குத் தெரியும். புத்திசாலித்தனம் கைவசம் இருந்தது, அதை எடுத்தான்.

"மேடம், நாளைக்கு விக்கணும்னு வந்தா, வாங்கறவங்க முதல்ல வாஸ்துதான் பாப்பாங்க. அந்த மூலைல காத்தே இல்லாம ஒரு பொந்து இருந்தா, வீட்டுக்கே தோஷம்னு வெலைய அடிப்பாங்க."

சிரில் செய்தித்தாளை மடித்தார். "நாம சர்ச்சுக்குப் போறவங்க. வாங்கறவன் அப்படி இருப்பானா? பையன் சொல்றது கரெக்ட் ஆஞ்சலா. ஜன்னல் இருக்கட்டும்."

அவ்வளவுதான், வேலை முடிந்தது. இன்னும் பிறக்காத ஒரு வீடு வாங்குபவனுக்காக ஜன்னல் வந்துவிட்டது. ரகு உள்ளுக்குள் தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

ஆஞ்சலா திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. விரலால் அந்த அறையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஈஸ்ட் லைட்டு. அட்டாச்டு பாத்ரூம்." அவர் முகம் மலர்ந்தது. "ஏங்க, இது டிரேவருக்கு ஆபீஸ் ரூமா இருக்கலாமே! வீட்லேர்ந்துதானே வேலை பாக்கப் போறான். வனஜாவுக்கு மாடிப்படிக்குக் கீழ இடம் சும்மாதானே கிடக்கு?"

வனஜா அப்போது பப்பாளித் துண்டுகளை மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். தட்டு மேசையில் பட்ட சத்தம் மட்டும் கேட்டது.

"அங்க ஸ்டோர்னு போட்டுடுப்பா," என்றார் ஆஞ்சலா. "உங்க முகேஷ் சார் அப்படித்தான் போடுவாராம்."

ரகு திரையைப் பார்த்தான். ஜன்னல் வைத்தது அவன், நல்ல அறையாக்கியது அவன். நல்ல அறை என்று ஆனதுமே அது அவளுடையதாக இருக்க முடியாமல் போயிற்று. இந்தச் சின்ன விஷயம் பி.இ. படித்த மண்டைக்கு எட்டவில்லை. பப்பாளித் தட்டைத் தள்ளி வைத்தான்.

பிளானில் மாடிப்படிக்குக் கீழே இருந்த கட்டத்தில் தட்டச்சு செய்தான். சிரில் எட்டிப் பார்த்து, எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"'வனஜா படுக்கும் இடம். அஞ்சடிக்கு நாலடி. ஜன்னல் இல்லை.' இது என்னப்பா? இதப் போட்டா எவன் பாஸ் பண்ணுவான்?"

"பண்ண மாட்டாங்க சார்."

"அப்புறம் எதுக்கு?"

"மேடம் சொன்னத அப்படியே எழுதினேன். ஸ்டோர்னு வேணும்னா எங்க ஆபீஸ்ல தேஜஸ்னு ஒருத்தர் இருக்காரு, அவர் வந்து போடட்டும். பிளான்லேர்ந்து என் பேர எடுத்துடச் சொல்லிடறேன்."

"திமிரப் பாரு," என்றார் ஆஞ்சலா. போன் எடுத்து முகேஷின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

வனஜா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அஞ்சுக்கு நாலா தம்பி? கால நீட்டினா செவுத்துல முட்டுமே." பிறகு ஆஞ்சலா பக்கம் திரும்பினாள். "எனக்கு ரூம்பே வேணாம்மா. பொம்மசந்திராவுல என் தங்கச்சி கம்பெனி வேலைக்குப் போறா, அவகூட இருந்துக்கறேன். பஸ்ஸு புடிச்சு ஒம்போது மணிக்கு வந்துடறேன். சாயங்காலம் அஞ்சுக்குக் கெளம்பிடுவேன்."

"ஒம்போதுக்கா?" போன் ஆஞ்சலாவின் கையிலேயே நின்றது. "அஞ்சரைக்கு இவருக்குக் காபி யாருடி போடறது? ராத்திரி சப்பாத்தி?"

வனஜா தட்டில் மிஞ்சியிருந்த பப்பாளித் துண்டை எடுத்து வாயில் போட்டு, நின்றபடியே, அவர்கள் எதிரிலேயே மென்றாள்.

சிரில் செய்தித்தாளை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். ஆஞ்சலா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "சரி, சரி. டிரேவர் ஆபீஸ் மாடில இருந்துக்கட்டும். முந்தி போட்ட மாதிரியே போடுப்பா."

ரகு போட்டான். கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் வனஜாவின் பெயரையும் உள்தாழ்ப்பாளையும் குறித்தான். விடியற்காலைக் காபிக்காகக் கிடைத்த அறை. அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவும் பிடிக்காமல், லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பினான்.