முனிராஜ் அண்ணா போட்ட பச்சை முகங்கள்

அந்தத் திங்கட்கிழமை நடந்தவை, வரிசைப்படி:

1. காலையில் வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எங்கள் ஆப்பில் இருந்த நோயாளிகளில் அநேகமாக எல்லாரும் பச்சை.

2. டாக்டர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பாரு, ஆப் வேலை செய்யுது" என்றார்.

3. அந்த மகிழ்ச்சியில் எனக்கு ஒரு ஃபில்டர் காபி கிடைத்தது.

4. காபி ஆறுவதற்குள் முனிராஜ் அண்ணாவை மெஷின் டேபிளில் படுக்க வைத்து மாஸ்க்கை மாட்டினேன். அவர் தாடைக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் என் இரண்டு விரல்கள் தாராளமாகப் போயின.

5. மெஷினை ஓட்டாமல் அவரை எழுப்பி உட்கார வைத்தேன். ஆப்பில் அவரும் பச்சைதான்.

நான் ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் வேலை. கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு வாங்குபவர்களுக்கு, முகத்தை அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் செய்வோம். அதை டேபிளோடு சேர்த்துக் கிளிப் போட்டுவிட்டால் தலை அசையாது; கதிர் விழ வேண்டிய இடத்தில் விழும். மாஸ்க் லூசானால் ஆள் இளைத்துவிட்டார் என்று பொருள். திரும்ப ஸ்கேன், திரும்ப மாஸ்க், கதிர் எங்கே எவ்வளவு என்று திரும்ப பிளான். அதற்குள் சிகிச்சையில் இடைவெளி விழும். தொண்டைப் புற்றுநோயில் நாங்கள் பயப்படுவது அந்த இடைவெளிக்குத்தான்.

அதைத் தடுக்கத்தான் ஆப். அன்றன்றைய சிகிச்சை முடிந்து ரூமை விட்டு வெளியே போனதும் நோயாளியின் போனில் கேள்விகள் வரும். விழுங்க முடிகிறதா, வாயில் புண் இருக்கிறதா, வலி எவ்வளவு, இன்றைய எடை என்ன. எடைக்கு எண். மற்றவற்றுக்கு ஐந்து முகங்கள்; சிரிக்கும் பச்சையிலிருந்து அழும் சிவப்பு வரை. சிவப்பு வந்தால் அன்றே கூப்பிடுவேன், டாக்டர் முதலில் பார்ப்பார். பச்சை என்றால் நோயாளி சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

எங்கள் தராசில் முனிராஜ் அண்ணாவை ஏற்றினேன். முள் இறங்கியிருந்தது. ஆப்பில் அவர் போட்டு வந்த எடையோ சிகிச்சை தொடங்கிய நாளின் எடை, இம்மிகூட நகரவில்லை.

முனிராஜ் அண்ணா சந்தாபுராக்காரர், டாக்ஸி ஆப் ஒன்றில் கேப் ஓட்டுகிறவர். கூட அவர் மனைவி சாந்தி அக்கா வந்திருந்தார்.

"அண்ணா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

சாந்தி அக்கா பதில் சொன்னார். "எங்கமா சாப்பிட்டாரு. ராகி கஞ்சிய ரெண்டு வாய் வச்சுட்டு, டம்ளரயே மொறச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு."

"அப்புறம் ஏன் சிரிக்கிற மூஞ்சி போட்டீங்க?"

"உங்களுக்காகத்தான் மேடம்." குரல் கரகரத்தது. "நான் வலின்னு போட்டா, யாரு வலி குடுத்தான்னு மேல கேப்பாங்கல்ல? ஏசி கம்மின்னு ஒருத்தன் எனக்கு ஒரு ஸ்டார் போட்டான். ஐடிய பிளாக் பண்ணிட்டாங்க. வண்டி வீட்டு முன்னாடி சும்மா நின்னுச்சு. அந்தப் பாவம் நமக்கு பேடா, வேணவே வேணாம்."

"நான் வச்ச சாம்பாருக்கு இதுவரைக்கும் அர ஸ்டார் குடுத்ததில்ல. மேடத்துக்கு மட்டும் தெனமும் அஞ்சா?" என்றார் சாந்தி அக்கா.

இந்த முகங்களுக்கும் என் சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். அவர் தலையாட்டினார். "எல்லா கம்பெனியும் அப்படித்தான் மேடம் சொல்லும்."

பிறகு ஆறுதலாக ஒன்று சேர்த்துக்கொண்டார். "கவலப்படாதீங்க. வெளிய உக்காந்திருக்கறவங்க கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். பாவம் சின்னப் பொண்ணுங்க, பச்சையே போடுங்கன்னு."

காலையில் நான் குடித்த காபி யார் தயவு என்று அப்போதுதான் புரிந்தது.

அன்றே டாக்டர் அவருக்கு மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் போட்டார். புது ஸ்கேன், புது மாஸ்க். பிளான் போடும் நண்பர்களை நச்சரித்து இடைவெளி பெரிதாகாமல் பார்த்துக்கொண்டோம். ஆனால் பாதி சிகிச்சை பாக்கி இருந்தது. அவர் மறுபடி பச்சை போட்டால் இந்த மாஸ்க்கும் லூசாகும்.

அவரை உண்மை சொல்ல வைக்கும் வழிகளை மனதுக்குள் பட்டியல் போட்டேன். விளக்கிச் சொல்வது: தோற்றுவிட்டது. டாக்டர் திட்டுவது: என்மேல் இன்னும் இரக்கப்படுவார். சாந்தி அக்காவைப் பதில் போடச் சொல்வது: போனை லாக் செய்து வைத்திருக்கிறார். மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"அண்ணா, நீங்களும் பாசஞ்சருக்கு ரேட்டிங் குடுப்பீங்கல்ல?"

"குடுப்பேனே." முதல் தடவையாக முகம் மலர்ந்தது. "சில்க் போர்டு ட்ராஃபிக்ல வண்டிய ஓரங்கட்டச் சொல்லி, சமோசா வாங்கப் போனான் ஒருத்தன். இரக்கமே பாக்கல."

"இப்ப உங்க தொண்டதான் பாசஞ்சர். ட்ரிப் முடிஞ்சுது. என்ன குடுப்பீங்க?"

அவர் போனை எடுத்தார். சிவப்பு முகத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அழுத்திய வேகத்தில், அந்தச் சமோசா ஆளுக்குச் சேர வேண்டியதும் கொஞ்சம் இருந்தது. அதோடு நிற்கவில்லை, கருத்துப் பெட்டியையும் கண்டுபிடித்துவிட்டார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் டாக்டர் அதை வாசித்தார்: "மோசமான பாசஞ்சர். எச்சில் ஏத்துனா கூட சண்டைக்கு வரான். ராத்திரியெல்லாம் ஹாரன். இனிமே இந்த ஆள எனக்கு அனுப்பாதீங்க." வாசித்து முடித்து, வலி மருந்தின் அளவைக் கூட்டி எழுதினார்.

காத்திருக்கும் ஹாலில், தான் கெடுத்ததை அவரே திருத்தினார். "யோவ், மேடத்துக்கு இல்லயா, ஒன் தொண்டைக்குப் போடு" என்று குழாயோடு நாற்காலி நாற்காலியாகச் சொல்லிக்கொண்டு போனார். அடுத்த நாள் என் திரை மிளகாய் காயப்போட்ட மாதிரி இருந்தது. மதியம்வரை போனிலேயே இருந்தேன். காபி யாரும் வாங்கித் தரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: கேள்வியை எந்த மொழியில் கேட்கிறோம் என்பதைச் சரிபார்த்தால் போதாது. பதில் யார் தலையில் விழும் என்று நோயாளி நினைக்கிறார் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இப்போதைய நிலவரம். கேள்விகள் சாயங்காலம், நோயாளிகள் எங்கள் முகத்தைப் பார்க்காத நேரத்தில் போகின்றன. எங்களுக்கு ஸ்டார் போட என்றே தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். இது யார் சம்பளத்தையும் தொடாது என்று அதன் கீழே நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது. அப்படியும் என் சராசரி ஐந்துதான். முனிராஜ் அண்ணா சிகிச்சையை முடித்துவிட்டார். குழாய் எடுத்தாயிற்று. முதல் செக்கப் ஸ்கேனில் கவலைப்பட எதுவும் இல்லை, அடுத்தது இனிமேல்தான். காலை நேரத்தில் மட்டும் வண்டி ஓட்டுகிறார். நாக்கில் ருசி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அதனால் சாந்தி அக்காவின் சாம்பாருக்கு ரேட்டிங் இதுவரை வரவில்லை.